யாழொலி தேடிய அடிகளார்

மறைந்துபோன ஒரு நகரத்தை மண்ணைத் தோண்டிக் காணலாம். அழிந்துபோன நூலுக்கு எங்கேனும் ஓர் ஏட்டுப்படி கிடைத்துவிடலாம். காற்றில் பிறந்து காற்றிலேயே கரைந்த ஓர் ஒலியை எங்கே தேடுவது? சங்ககாலப் பாணர் தோளில் சுமந்து திரிந்த யாழ், பின்னாளில் வழக்கொழிந்தது. அதன் நரம்பொலியைக் கேட்டவர் எவரும் எஞ்சவில்லை. பாட்டும் உரையும் கல்லில் வடித்த உருவங்களும் மட்டுமே மிஞ்சின. அவற்றைக் கொண்டு, கணக்கின் துணையோடு அவ்வொலியை மீட்க முடியும் என்று நம்பி, தம் வாழ்வின் பிற்பகுதியை அதற்கே ஒப்படைத்தவர் விபுலாநந்த அடிகள்.

கடலோரச் சிற்றூர்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே அமைந்த ஊர் காரைதீவு. அங்கே 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் சாமித்தம்பி, கண்ணம்மையார் இணையருக்கு மகனாகப் பிறந்தவர் மயில்வாகனன். அவரே பின்னாளில் விபுலாநந்தர் ஆனார். அவர் பிறந்த அதே 1892ஆம் ஆண்டில்தான் சென்னையில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். காரைதீவுக் குழந்தைக்கும் சென்னை அச்சகத்துக்கும் அன்று எத்தொடர்பும் இல்லை. ஆயினும் அந்நூலின் அரங்கேற்று காதை உரையே பிற்காலத்தில் அக்குழந்தையின் வாழ்நாள் ஆய்வுக்கு அடித்தளமாயிற்று.

கிழக்கு இலங்கையில் சிலப்பதிகாரம் ஏட்டில் உறங்கிக் கிடந்த நூல் அன்று. கண்ணகி வழிபாடாக அது மக்களிடையே உயிரோடு உலவியது. காரைதீவிலும் கண்ணகிக்குக் கோயில் உண்டு. வைகாசித் திங்களில் கண்ணகி வழக்குரைப் பாடல்கள் அங்கே இராகத்தோடு ஓதப்படும். மதுரை எரிந்த கதையைப் படிப்பதற்கு முன்பே செவிவழியாகக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்குச் சிலம்பு முதலில் ஓர் ஒலியாகவே அறிமுகமாகியிருக்க வேண்டும்.

மட்டக்களப்புப் பகுதிக்குரிய மற்றோர் ஒலியும் உண்டு. அங்குள்ள உப்பங்கழியில், நிலவு பொழியும் அமைதியான இரவுகளில், நீருக்கடியிலிருந்து மெல்லிய இசை போன்றதோர் ஒலி எழும். படகை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது அவ்வூரார் வழக்கம். அவ்வொலியை எழுப்புவது மீன் என்று கருதிய மக்கள், மட்டக்களப்பைப் 'பாடும் மீன்கள் வாழும் நாடு' என்றே அழைத்தனர். அடிகளார் இந்த ஒலியை வெறும் வியப்பாகக் கேட்டுவிட்டுப் போகவில்லை. நீரில் வாழும் தெய்வ மகளிர் பாடுவதாக அதனைக் கற்பனை செய்து, நீரரமகளிரைப் பற்றி இசைப்பாடல் ஒன்று புனைந்தார். ஒலி எங்கிருந்து வந்தாலும் அதன் சுரம் யாது என்று வினவும் காது அவருக்கு வாய்த்திருந்தது.

கணக்கும் தமிழும்

மயில்வாகனனுக்குத் தமிழும் வடமொழியும் கற்பித்தவர்களுள் வைத்தியலிங்க தேசிகர் குறிப்பிடத்தக்கவர். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்ற அவர், 1908இல், பதினாறாம் வயதில், கேம்பிரிட்சு மேல்நிலைத் தேர்வில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில் தென்கோவைக் கந்தையாப் பிள்ளை முதலிய புலவர்களை நாடிச் சென்று தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார்.

1916ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு விந்தையான இணைப்பை உண்டாக்கியது. அவ்வாண்டில் அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் பட்டயம் பெற்றார்; அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் வெற்றிபெற்ற முதல் மாணவர் அவரே. ஒரு கையில் வேதியியல் குடுவையும் மறு கையில் தொல்காப்பிய ஏடும் கொண்ட அறிஞரை அக்காலத்தில் காண்பது அரிது. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தையும் அவர் பெற்றார்.

வேதியியல் உதவியாசிரியராகக் கொழும்பிலும், அறிவியல் ஆசிரியராக யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலும், பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராகவும் அவர் பணியாற்றினார். நல்ல ஊதியமும் நற்பெயரும் இருந்தன. அவற்றை விட்டு 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருட்டிண மடத்தில் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார். மடத்தின் தமிழ், ஆங்கில இதழ்களுக்கு ஆசிரியராக இருந்த காலத்திலும் தமிழாய்வை அவர் விடவில்லை. நாடகக் கலையை ஆராய்ந்து அவர் எழுதிய மதங்கசூளாமணி 1926இல் வெளிவந்தது. சேக்சுபியர் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு பொருத்திப் பார்த்த நூல் அது.

1925இல் இலங்கை திரும்பிய அடிகளார் மடத்தின் கல்விப்பணியை ஏற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரி, யாழ்ப்பாணம் வைத்தீசுவர வித்தியாலயம், கிழக்குக் கரைச் சிற்றூர்ப் பள்ளிகள் எனப் பல நிறுவனங்களின் சுமை அவர் தோளில் ஏறியது. மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். பள்ளிக்குக் கட்டடம் எழுப்புவதும், ஆசிரியர்களைத் தேடுவதும், ஏழை மாணவரின் உணவுக்கு வழி காண்பதுமாகவே அவருடைய பகல்கள் கழிந்தன.

சிதம்பரத்தில்

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் அமர்ந்தார். அங்கிருந்த காலம் இரண்டு ஆண்டுகளே ஆயினும் அவ்வாண்டுகள் பல விதைகளை ஊன்றின. பாரதியார் பாடல்களைப் புலவர் பலர் இலக்கியமாக ஏற்கத் தயங்கிய நாளில், பல்கலைக்கழகத்துக்குள் பாரதி பெயரால் கழகம் அமைத்து அப்பாடல்களைப் பாடச் செய்தார். மாலை வேளைகளில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அவருடைய மாணவர்களுள் ஒருவரான க. வெள்ளைவாரணர் பிற்காலத்தில் பெரும்புலவராய் விளங்கியதோடு, ஆசிரியரின் யாழ் ஆராய்ச்சிக்கும் உறுதுணையாய் நின்றார்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர் எவருக்கும் ஓர் இக்கட்டு நேரும். மாதவியின் அரங்கேற்றத்தை விளக்கும் அப்பகுதியில் ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணம் வருகிறது. அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையோ நரம்பு, அலகு, பாலை, திரிபு, பண் எனக் கலைச்சொற்களால் நிறைந்தது. அவர் மேற்கோள் காட்டும் இசைநூல்களுள் பல அவர் காலத்திலேயே இறந்துபட்டவை. பெரும்பாலான ஆசிரியர்கள் அவ்விடத்தை மேலோட்டமாகக் கடந்துவிடுவர், அதில் வியப்பில்லை. அடிகளார் அவ்விடத்திலேயே நின்றுவிட்டார். உரையில் எண்கள் இருந்ததே அதற்குக் காரணம். தமிழ்ப் புலவரை மிரட்டிய அவ்வெண்கள் கணித ஆசிரியரை அழைத்தன.

எண்களுக்குள் ஒலி

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன பழந்தமிழர் கண்ட ஏழு நரம்புகள். அதாவது ஏழு சுரங்கள். அவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகளைப் பண்டைய நூலார் வகுத்தனர். இவற்றின் கூட்டுத்தொகை 22. ஓர் அலகு என்பது செவி பிரித்தறியத்தக்க மிக நுண்ணிய ஒலியிடைவெளி. மேலோட்டமாக நோக்கினால் மனப்பாடம் செய்தற்குரிய வாய்பாடு போலத் தோன்றும் இவ்வெண்களுக்குள் இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

இழுத்துக் கட்டிய நரம்பு ஒன்றை மீட்டினால் ஓர் ஒலி பிறக்கும். இழுவிசையும் பருமனும் மாறாதிருக்க, நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இருமடங்காகி, அதே சுரம் மேல் நிலையில் ஒலிக்கும். நீளத்தை மூன்றில் இரண்டாக்கினால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். அப்போது எழுவதே குரலுக்கு இணையான இளி. இன்றைய வழக்கில் சட்சமும் பஞ்சமமும். இனி, பழைய எண்களைக் கூட்டிப் பார்க்கலாம். குரலிலிருந்து துத்தம் 4 அலகு உயரத்திலும், அதிலிருந்து கைக்கிளை 3, உழை 2, இளி 4 என அடுத்தடுத்த உயரங்களிலும் நிற்கின்றன. ஆகவே குரலுக்கும் இளிக்கும் இடையே 13 அலகுகள். 22 அலகு கொண்ட முழுநிலையில் 13 அலகு என்பது ஒன்றரை மடங்கு அதிர்வெண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. இளியிலிருந்து மீண்டும் 13 அலகு ஏறினால் 26. அதில் ஒரு முழுநிலையாகிய 22ஐக் கழித்தால் 4. அது துத்தத்தின் இடமே. குரலுள் இளியும், இளியுள் துத்தமும் பிறக்கும் என்று முன்னோர் சொன்ன பிறப்பு முறை கணக்கோடு பொருந்துகிறது.

எல்லா இடத்திலும் இத்துணை எளிதாகப் பொருந்துவதில்லை. துத்தத்திலிருந்து 13 அலகு ஏறினால் 17ஆம் அலகு வரும். விளரியின் இடமோ 16. இந்த ஓர் அலகு வேறுபாடு செவிக்கு நுண்ணியதே ஆயினும் ஆய்வாளரைப் பெரிதும் அலைக்கழித்தது. தமிழிசையின் அலகுகள் இருபத்திரண்டா, இருபத்து நான்கா என்னும் வழக்கும் இத்தகைய இடங்களிலிருந்தே கிளர்ந்தது. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலில் இருபத்து நான்கு என்று வாதிட்டிருந்தார். அடிகளார் இருபத்திரண்டு என்னும் பழங்கணக்கையே கொண்டு, ஒவ்வோர் அலகுக்கும் அதிர்வெண் விகிதம் கண்டு தம் முடிவுகளை அமைத்தார். இருவருமே சிலப்பதிகாரத்தையே சான்றாகக் கொண்டனர் என்பது எண்ணத்தக்கது. ஒரே உரையிலிருந்து இருவேறு முடிவுகள் பிறந்ததைக் குறையெனக் கருத வேண்டியதில்லை. அதுவரை வாய்ப்பேச்சாக இருந்த தமிழிசை வரலாறு கணக்கிட்டு மறுக்கவும் நிறுவவும் கூடிய ஒரு துறையாக மாறியது என்பதற்கு அதுவே அடையாளம்.

கருவியின் உடல்

கணக்கு ஒலியின் உயரத்தைத் தரும். ஒலியின் நிறத்தைத் தராது. அதற்குக் கருவியின் வடிவம் தெரிய வேண்டும். இதற்கு அடிகளார் ஆற்றுப்படை நூல்களை நாடினார்.

பாணரும் பொருநரும் வள்ளல்களை நாடிச் செல்லும் வழியைப் பாடும் அந்நூல்கள், அவர்கள் கையிலிருந்த யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கின்றன. அவற்றைப் படிப்போர் உவமையின் அழகில் மயங்கிச் செல்வர். அடிகளார் அவ்வுவமைகளை ஒரு தச்சன் அளவுக்குறிப்பைப் படிப்பதுபோலப் படித்தார். பத்தர் என்னும் அடிப்பகுதியைப் பொருநராற்றுப்படை மானின் குளம்பு பதிந்த தடத்துக்கு ஒப்பிடுகிறது. ஆகவே அது நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்க வேண்டும். அதன்மேல் போர்த்த தோல் விளக்குச் சுடரின் நிறம் உடையது. துளைகளை அடைத்து நிற்கும் ஆணிகள் வளையிலிருந்து எட்டிப் பார்க்கும் நண்டின் கண்களைப் போன்றவை. கரிய தண்டு, தலையெடுத்த பாம்பைப்போல் மேல்நோக்கி வளைந்தது. கடற்கரையில் நண்டு வளைகளுக்கு நடுவே வளர்ந்தவருக்கு அந்த ஆணியின் வடிவம் விளங்க உரையாசிரியர் துணை வேண்டியிருக்கவில்லை.

யாழ் எவ்வாறு தோன்றியது என்பதற்கும் பெரும்பாணாற்றுப்படையில் சான்று உண்டு. குமிழ மரத்தின் உள்துளை உடைய கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, இடையன் ஒருவன் வில்யாழ் இசைக்கும் காட்சி அதில் வருகிறது. அம்பு எய்யும் வில்லின் நாண் விம்மி எழுப்பிய ஒலியே யாழுக்குத் தாய் என்பதை இது காட்டுகிறது. வில்யாழிலிருந்து தொடங்கி, 21 நரம்புடைய பேரியாழ், 19 நரம்புடைய மகரயாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் என வளர்ந்த கருவிக் குடும்பத்தை அடிகளார் வரிசைப்படுத்தினார். அமராவதிச் சிற்பங்களில் காணப்படும் யாழுருவங்களையும் பாடல்களோடு ஒப்பிட்டார். கல்லில் கண்ட வளைவும் சொல்லில் கண்ட வளைவும் ஒத்துப்போன இடங்களில் அவர் முடிவுகள் உறுதி பெற்றன.

யாழையும் வீணையையும் ஒன்றெனக் கருதுவது இன்றும் காணப்படும் பிழை. வீணையில் ஒரு தந்தியை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் அது இயலாது. ஒரு நரம்பு ஒரு சுரத்தை மட்டுமே தரும். ஆகவே யாழ் வாசிப்போனின் திறம் நரம்புகளைச் சுருதி கூட்டுவதிலேயே பெரிதும் தங்கியிருந்தது. பண் மாறும்போதெல்லாம் அத்தனை நரம்புகளையும் முறுக்கியும் தளர்த்தியும் கொண்டிருக்க முடியாதல்லவா? அதற்குப் பண்டையோர் ஒரு சூழ்ச்சி கண்டனர். நரம்புகளைத் தொடாமல், தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றுவதே அது. குரலைத் தொடக்கமாகக் கொண்டால் செம்பாலை. துத்தத்தைக் குரலாகக் கொண்டு தொடங்கினால் படுமலைப்பாலை. கைக்கிளையில் தொடங்கினால் செவ்வழிப்பாலை. இவ்வாறே உழையில் அரும்பாலை, இளியில் கோடிப்பாலை, விளரியில் விளரிப்பாலை, தாரத்தில் மேற்செம்பாலை என ஏழு பாலைகள் பிறக்கும். நரம்புகள் அவையே, கேட்போர் உள்ளத்தில் எழும் மெய்ப்பாடோ வேறு. இதனைப் பாலைத்திரிபு என்பர். உரைகளில் சிக்குண்டு கிடந்த இம்முறையைப் பட்டியல்களாகவும் வட்டங்களாகவும் வரைந்து தெளிவுபடுத்தியதே அடிகளாருடைய ஆய்வின் உயிர்ப்பகுதி எனலாம். வீணை பெருகி யாழ் மறைந்ததற்கும் காரணம் இங்கேயே கிடைக்கிறது. ஒரு நரம்பில் எல்லாச் சுரங்களும் கிட்டும் கருவி வந்தபின், சுரத்துக்கொரு நரம்பு கட்டும் கருவியை எத்தனை பேர் சுமந்து திரிவர்?

இடம் மாறிய எழுத்துமேசை

இவ்வளவும் ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்து செய்த ஆய்வன்று. 1933இல் பல்கலைக்கழகப் பதவியை விட்டு அடிகளார் மீண்டும் பள்ளிகளுக்குத் திரும்பினார். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை ஏற்று, அறிவியலைத் தமிழில் கற்பிக்க வேண்டிய சொற்களை வகுக்கும் பணியில் ஈடுபட்டார். 1939 முதல் 1941 வரை இமயமலையில் உள்ள மாயாவதி ஆசிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தினார். 1943இல், இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கிய மறு ஆண்டிலேயே, அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பில் பொறுப்பேற்றார். சென்றவிடமெல்லாம் யாழ்க் கணக்குகளும் அவருடன் சென்றன. தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் இதழாகிய தமிழ்ப்பொழிலில் இசை பற்றிய அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன.

ஒரு துறவி கலையாய்வில் இவ்வளவு காலம் செலவிடலாமா என்னும் வினா எழுதல் இயல்பே. தேவாரப் பண்களை ஆராயும் பகுதி அவர் நூலில் பெற்றுள்ள இடமே அதற்கு விடையளிக்கிறது. திருஞானசம்பந்தரோடு ஊர்தோறும் சென்று அவர் பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று யாழில் அடங்காமற்போக, யாழ்ப்பாணர் தம் கருவியை முறிக்க முற்பட்டார் என்பது பெரியபுராணச் செய்தி. பக்தியுலகில் அற்புதமாகப் போற்றப்படும் இந்நிகழ்ச்சி, இசையுலகில் ஒரு கருவியின் எல்லையைக் குறிக்கும் செய்தியாகவும் நிற்கிறது. குரல் செல்லும் இடமெல்லாம் நரம்பு செல்லாது. அடிகளாருக்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றவில்லை.

ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் நீண்ட ஆய்வு யாழ் நூல் என்னும் பெயரோடு முழுமை பெற்றது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்னும் ஏழு இயல்களால் அமைந்தது அந்நூல். கோனூர் நிலக்கிழார் சிதம்பரம் செட்டியார் பொருளுதவி புரிந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியீட்டுப் பொறுப்பை ஏற்றது. அந்நூலின் நடை எளிதன்று. செய்யுளின் செறிவும் கணக்கின் இறுக்கமும் கலந்த அதன் பக்கங்களில், இசையறிந்தோர் கணக்கில் இடறுவர். கணக்கறிந்தோர் தமிழில் இடறுவர். மூன்றும் அறிந்த ஒருவர் தமக்கு நிகரானவர் கிடைப்பார் என்னும் நம்பிக்கையோடு எழுதிய நூல் அது. அத்தகையோர் எளிதில் கிடைப்பதில்லை என்பதை அவர் சற்று மறந்துவிட்டார் போலும்.

திருக்கொள்ளம்பூதூர்

1947ஆம் ஆண்டு சூன் திங்கள் 5ஆம் நாள், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர் இல்லாத பொழுதில், சம்பந்தர் பதிகம் பாடியே ஓடம் செலுத்திக் கரை சேர்ந்தார் என்று போற்றப்படும் தலம் அது. தமிழறிஞரும் இசைவாணரும் திரண்டனர். நூலில் கண்ட கணக்கின்படி புதிதாகச் செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டன.

அடிகளார் அப்போது உடல் தளர்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதே ஆயினும் நோயும் ஓயாத உழைப்பும் அவரை மிகவும் வாட்டியிருந்தன. அவர் எழுதிய ஒவ்வொரு விகிதமும் அதுவரை தாளில் மட்டுமே இருந்தது. மானின் குளம்புத் தடமும் நண்டின் கண்ணும் பாம்பின் படமும் மரமாகவும் தோலாகவும் ஆணியாகவும் மாறி அவையின் நடுவே நின்றன. கணக்கில் ஒரு பிழை இருந்தாலும் நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். சொல்லை வாதத்தால் காக்கலாம், சுருதி சேராத நரம்பை எந்த வாதத்தாலும் காக்க முடியாது. தஞ்சை நால்வர் மரபில் வந்த க. பொ. சிவானந்தம் பிள்ளை அந்த யாழ்களை எடுத்து இசைத்தார். பல நூற்றாண்டுகளாக ஏட்டில் பெயராக மட்டும் நின்ற பாலைகள் அன்று செவிக்கு எட்டின.

சங்ககாலத்துப் பாணன் எழுப்பிய ஒலிதான் அது என்று எவரும் உறுதிகூற இயலாது. ஒப்பிட்டுச் சொல்லக் கேட்டவர் இல்லை. பிற்கால ஆய்வாளர் சிலர் அடிகளாரின் முடிவுகளில் சிலவற்றை மறுத்துள்ளனர். அடியார்க்குநல்லார் சான்றாகக் காட்டிய இசைநூல்களுள் ஒன்றாகிய பஞ்சமரபு, அடிகளார் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் ஏட்டிலிருந்து அச்சேறியது. அது அவர் கைக்கு எட்டியிருந்தால் யாழ் நூலின் சில பக்கங்களை அவரே திருத்தி எழுதியிருக்கக்கூடும். அளந்து கண்டதை மட்டும் நம்பும் அறிவியல் ஆசிரியர் அவர்.

அரங்கேற்றம் முடிந்து அவர் இலங்கை திரும்பினார். நாற்பத்து நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. 1947 சூலைத் திங்கள் 19ஆம் நாள் கொழும்பில் அடிகளார் மறைந்தார். அவரது உடல் கிழக்குக் கரைக்குக் கொண்டுவரப்பட்டு, கல்லடி உப்போடையில் அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடத்திலிருந்து சற்றுத் தொலைவிலேயே உப்பங்கழி இருக்கிறது. நிலவுள்ள இரவுகளில் அங்கே மீனவர் இன்றும் துடுப்பில் காது வைத்துக் கேட்பதுண்டு.